தார் கழுவும் மருந்து

வீதியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதிலுள்ள தாரை முழுக்கக் கழுவிவிட்டால் மிஞ்சுவது வெறும் கல்லும் மண்ணும்தான். கழுவுவதற்கு முன் ஒரு முறை, கழுவிக் காயவைத்த பின் ஒரு முறை நிறுத்துப் பார்த்தால், அந்தக் கலவையில் எவ்வளவு தார் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்து வீதிகள் ஒவ்வொன்றாகத் தார்க்கலவை வழுவழுப்பாக விரித்த காபெற் வீதிகளாக மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், ஒரு வீதிக் கொம்பனியின் ஆய்வுகூடத்தில் எனக்கு இதுதான் வேலை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்துக் கிடைத்த முதல் உத்தியோகம். அளவெட்டியிலிருந்து ஸ்கூட்டியில் போய்வருவேன்.

ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காங்கேசன்துறைப் பக்கம் ஒரு வெட்டைவெளியில் தார் கலக்கும் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். அதற்குச் சற்றுத் தள்ளி இரண்டு கப்பல் கொன்ரெயினர்கள். ஒன்று எஞ்சினியர்மாரின் அலுவலகம், மற்றது எங்களுடையது. எங்களுடையதில் ஏ.சி. பூட்டியிருந்தார்கள். அது எங்களுக்காக அல்ல, தராசுக்காக. வெளியே கல்லுத்தூசி ஓயாமல் பறக்கும் என்பதால் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள ஒரு சின்ன விசிறி சுவரில் இருந்தது. நான் வேலைக்குச் சேரும்போதே அது சுற்றுவதை நிறுத்தியிருந்தது.

தாரைக் கழுவத் தண்ணீர் உதவாது. அதற்கென்று ஒரு திரவம் இரும்புப் பீப்பாவில் வரும். ட்ரைக்குளோரோஎதிலீன் என்று பெயர். இரண்டு காபன் அணுக்களோடு மூன்று குளோரீன் அணுக்கள் சேர்ந்த பொருள். பார்த்தால் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். தூக்கினால்தான் வித்தியாசம் தெரியும். அதே அளவு தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம். தண்ணீருக்குள் ஊற்றினால் கலக்காமல் அடியில் போய் நிற்கும். பெற்றோலைப் போலச் சட்டென்று தீப்பிடிக்காது என்பதுதான் அதன் பெரிய குணம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கையில் பட்டால் முதலில் குளிரும். பிறகு ஆவியாகிப் போய்விடும். போகும்போது தோலின் எண்ணெய்ப் பசையையும் கொண்டுபோய்விடும். அந்த வேலை செய்தவர்களின் விரல்நுனிகள் எப்போதும் வெளுத்து, வெடித்து இருக்கும். மணமோ கெட்ட மணம் இல்லை. குளோரோபோமைப் போல மெல்லிய இனிப்பு. கறுத்துப் பிசுபிசுக்கும் தார்க்கட்டி அதற்குள் விழுந்ததும் சீனி மாதிரிக் கரையும். அந்தக் கரைசலை வடித்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். வடிந்து வருவது வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். 

அந்த நீண்ட பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது 'மருந்து'.

மருந்து ஊற்றிக் கழுவும் வேலையைச் செய்தவர் குருநகர்க்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். முன்பு கடலுக்குப் போனவர். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். கழுவும் இயந்திரம் வேகமாகச் சுற்றும் ஒரு கிண்ணம். மேசையில் வைத்தால் தராசு அதிரும் என்று அதைத் தரையில் ஒரு கொங்கிறீற் கட்டியின்மேல் பூட்டியிருந்தார்கள். அதனால் அண்ணை நாள் முழுக்க ஒரு பலகைக் கட்டையில் குந்தியிருந்து, கிண்ணத்துக்கு மேலே குனிந்தபடி வேலை செய்வார். நான் மேசையடியில் நின்று நிறுப்பேன். காயவைக்கும் அடுப்பும் என் பக்கம்தான்.

அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் பெரும்பாலும் மகளைப் பற்றித்தான் இருக்கும். ஒரே மகள், பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி அவர் சொன்னது ஒரேயொரு விஷயம். ஒரு காலத்தில் மிக மோசமாகக் குடித்தவராம். கடலில் தம்பியைப் பறிகொடுத்த பிறகு தொடங்கிய குடி. வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் போனபோதும் விடவில்லை. பிறகு மனைவி பெரிய சத்திரசிகிச்சை ஒன்றுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மடுமாதாவிடம் நேர்த்தி வைத்தாராம். அவள் எழும்பி வந்தால் சாகும்வரை ஒரு துளியும் தொடமாட்டேன் என்று. அவள் எழும்பி வந்தாள். அவரும் தொடவில்லை.

"விட்டது கஷ்டமில்லைத் தங்கச்சி," என்று ஒருநாள் சொன்னார். "விட்டிட்டன் எண்டதை மற்றவையை நம்பப்பண்ணுறதுதான் கஷ்டம். என்ரை மனுசிக்கு என்னை நம்ப எத்தினை காலம் எடுத்ததெண்டு எனக்குத்தான் தெரியும்."

வீதி வேலை மும்முரமாக நடந்த அந்தக் கோடையில் சோதனைக்கான தார்க்கலவை மாதிரிகள் குவிந்தன. காலையிலிருந்து மாலைவரை அண்ணை கட்டையை விட்டு எழும்பவில்லை. அப்போதுதான் அவரிடம் சில மாற்றங்களைக் கண்டேன். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பாதியில் மூடி வைத்துவிடுவார். தலையிடி என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொள்வார். எழும்பும்போது ஒரு கையால் சுவரைப் பிடிப்பார். வெய்யிலும் வயதும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

அவருடைய மனைவி அப்படி நினைக்கவில்லை. ஒருநாள் பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அதற்கு முன் ஒரேயொரு முறை, மாதா திருநாளன்று, அவரை நான் கண்டிருக்கிறேன்.

"பிள்ளை, குறை நினைக்காதையும். ஒண்டு கேட்கவேணும்," என்றார். "வேலை முடிஞ்சு அவர் ஆரோடை போறவர்?"

"ஒருத்தரோடையும் இல்லை அக்கா. கொம்பனி பஸ்ஸிலை ஏறி நேரை வீட்டைதான் வாறவர்."

"வாறவர்தான். ஆனால் எப்பிடி வாறார் எண்டு உமக்குத் தெரியாது. படலையைத் திறக்கேக்கை ஒருக்கால் தள்ளாடுறார். கதைக்கிறது கொளகொளக்குது. சாப்பாடு வேண்டாம் எண்டு படுக்கிறார். மூச்சிலை ஒரு இனிச்ச மணம். சாராயமில்லைத்தான். ஆனால் இப்ப புதுப்புதுச் சாமானெல்லாம் வருகுதாமே."

"அக்கா, அவர் நாள் முழுக்க என்ரை கண்ணுக்கு முன்னாலைதான் இருக்கிறார். அப்பிடி ஒண்டுமில்லை."

"முந்தியும் அவரோடை வேலை செய்தவை எல்லாரும் இப்பிடித்தான் சொன்னவை பிள்ளை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதை நான் அண்ணையிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த வடிதாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார். "அவளிலை பிழையில்லை," என்றார். "நான் அப்பிடி இருந்தனான்தானே."

அந்த நாட்களில்தான் மகளுக்குப் பாசையூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிவந்தது. மாப்பிள்ளை கொழும்பில் வேலை. படம் பார்த்துப் பிடித்துப்போய், வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்துக் கதைத்து முடிப்பதென்று ஒரு சனிக்கிழமை பின்னேரத்தைக் குறித்திருந்தார்கள். அன்று காலை அரைநாள் வேலை இருந்தது. அவசர மாதிரிகள் வந்திருந்ததால் அண்ணைக்கு ஓய்வே கிடைக்கவில்லை. புறப்படும்போது புது லேஞ்சி ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திங்கட்கிழமை கேக்கோடை வாறன்," என்றார்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு வந்தார். கட்டையில் இருந்தார், ஆனால் இயந்திரத்தைத் தொடவில்லை. நான் கேட்க முன்னரே சொல்லத் தொடங்கினார்.

"வந்தவை. நல்ல ஆக்கள். தாயும் தாய்மாமனும் சின்னம்மாவும் வந்தவை. நான் குளிச்சு, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன்னுக்கு இருந்தனான். கதைச்சுக்கொண்டிருக்கேக்கை முகம் சுடுற மாதிரிக் கிடந்தது. வேர்வையாக்கும் எண்டு துடைச்சன். எல்லாரும் என்னையே பார்க்கினம். மனுசியும் பார்க்கிறாள். உள்ளை போய்க் கண்ணாடியைப் பார்த்தன் தங்கச்சி. நெத்தி, கன்னம், கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாய்த் தடிச்சுக்கிடக்கு. கண்ணும் சிவப்பு. பழைய காலத்திலை போத்திலோடை விழுந்துகிடக்கேக்கைகூட எனக்கு அப்பிடி ஒரு முகம் வரேல்லை."

"பிறகு?"

"திரும்பி வரேக்கை கால் தடக்கிக் கதிரையிலை பிடிச்சன். தாய்மாமன் சிரிச்சுக்கொண்டு சொன்னார், வீட்டுக்காரர் எங்களுக்கு முந்தியே கொண்டாடிப்போட்டார் போலை எண்டு. சிரிப்புத்தான். ஆனால் வைச்ச தேத்தண்ணியைக் குடிச்சு முடிக்காமல் எழும்பிப் போட்டினம். நேற்றுப் பூசை முடிய ஆள் அனுப்பிச் சொல்லிப்போட்டினம், சரிவராதெண்டு."

வெளியே கலவை இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. அவர் வெளுத்த விரல்நுனிகளைப் பார்த்தபடி இருந்தார்.

"மனுசி கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தேல்லை. மாதாவின்ரை படத்துக்கு முன்னாலை என்னைக் கொண்டுபோய் விட்டு, இஞ்சை சொல்லுங்கோ எண்டாள். குடிக்கேல்லை எண்டு சொன்னன். அவள் படத்தைத் திருப்பி வைச்சிட்டுப் போட்டாள்." அவருடைய குரல் தணிந்துபோயிற்று. "நான் குடிக்கேல்லைத் தங்கச்சி. ஆனால் இப்ப எனக்கே ஒரு பயம் வருகுது. எனக்குத் தெரியாமல் நான் என்னவாவது செய்யிறனோ எண்டு."

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

மாதிரிகள் காத்திருக்கவில்லை. நான்தான் அவருடைய கட்டையில் இருந்து கழுவத் தொடங்கினேன். மேசையடியில் நின்ற காலமெல்லாம் அந்த மணம் எனக்கு எப்போதாவது வந்துபோகும் ஒன்றாகத்தான் இருந்தது. கட்டையில் இருந்தபோது அது நீங்கவே இல்லை. முதல் இரண்டு கழுவல்வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு உடம்பு லேசாகி, கைகள் என்னுடையவை அல்லாதது போலத் தோன்றின. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. வடிந்து வருவதன் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். ஆனால் எதற்காகப் பார்க்க வேண்டும் என்பது மறந்துவிட்டது. எழும்ப முயன்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்ப முடிந்தது. கதவைத் திறந்து வெளியே போய்க் கல்லுக்குவியலில் இருந்தேன். தலை வெடிப்பது போல இடித்தது. அன்று மத்தியானம் அம்மா கட்டித் தந்த சோற்றைப் பார்க்கவே குமட்டியது.

அந்தக் கல்லுக்குவியலில் இருந்தபோதுதான், படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. திரவம் மட்டும் பாரமானதல்ல, அதன் ஆவியும் காற்றைவிடப் பலமடங்கு பாரம். அது மேலே போகாது. மூடிய அறையில் தரையோடு தரையாகப் படிந்து, குளத்துத் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அண்ணை மாதக்கணக்காக அந்தக் குளத்துக்குள் கழுத்தளவில் இருந்திருக்கிறார்.

எஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன். அவர் தெற்கிலிருந்து வந்த சிங்களவர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். தமிழ் கொஞ்சம் கதைப்பார். நல்ல மனிதர், ஆனால் மேலிடத்து நெருக்கடியில் இருந்தார். எனக்கு ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, மிச்ச மாதிரிகளைத் தானே கழுவுவதாக அடுத்த நாள் காலையில் கட்டையில் இருந்தார். கதவைத் திறந்து வைக்கும்படி சொன்னேன். தூசியில் தராசு பிழையாகக் காட்டும் என்று அரைவாசிதான் திறந்தார். மாலைவரை அவர்தான் செய்தார். இரண்டு முறை வெளியே போய் வாந்தியெடுத்ததாகப் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை அவர் சிரித்துக்கொண்டு வந்தார். நேற்று விடுதிக்குப் போய் அலுப்புத்தீர ஒரு பியர் குடித்தாராம். பாதி முடிய முன்னரே முகம் முழுக்கச் சிவப்புத் திட்டுத்திட்டாக வந்துவிட்டதாம். கூட இருந்தவர்கள் தக்காளிப்பழம் என்று பகிடி பண்ணினார்களாம். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். நெற்றி, கன்னம், கழுத்து.

அண்ணை சொன்ன அதே இடங்கள்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி டொக்டராக இருந்தாள். அவளுக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தின் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு எடுப்பதாகச் சொன்னவள் அன்று மாலையே எடுத்தாள்.

"ஓமடி, இது தெரிஞ்ச விஷயம்தான்," என்றாள். "முந்தித் தொழிற்சாலையளிலை இயந்திரத்தின்ரை கிறீஸ் கழுவ இதைத்தான் பாவிச்சவை. அதுக்குள்ளை வேலை செய்த ஆக்கள் ஒரு கிளாஸ் பியர் குடிச்சாலே முகம் இப்பிடிச் சிவக்குமாம். ஈரல் உந்த மருந்தை உடைக்கிற வேலையிலை நிக்கேக்கை, மதுவை ஒழுங்கா உடைக்க ஏலாமல் போகுது. ஒருகாலத்திலை உதை மணக்கவைச்சு ஆக்களை மயக்கிச் சத்திரசிகிச்சைகூடச் செய்தவை. அப்ப உங்கடை அண்ணை தள்ளாடினதிலை என்ன அதிசயம்?"

"ஆனால் அவர் குடிக்கிறேல்லை. சத்தியமாக் குடிக்கிறேல்லை."

"அப்ப வேறை வழியாலை உள்ளை போயிருக்கும். டொனிக், இருமல் பாணி, அரிஷ்டம் எண்டு ஏதாவது குடிச்சவரோ எண்டு கேட்டுப்பார். அதுகளிலையும் மது இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் குருநகருக்குப் போனேன். கடற்கரைக்கு அண்மையில் சின்னக் கல்வீடு. அண்ணை உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். மனைவி வாசலில் நின்றபடியே, "வாரும் பிள்ளை," என்றார். முகத்தில் ஒரு வரவேற்பும் இல்லை.

நான் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டையில் இருந்தபோது எனக்கு வந்த மயக்கத்தை, எஞ்சினியரின் முகத்தை, டொக்டர் சொன்னதை. எஞ்சினியரிடம் கேட்டு வாங்கிவந்த படத்தைக் காட்டினேன். மனைவி கைத்தொலைபேசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப உவரும் குடிச்சபடியாத்தானே சிவந்தது?" என்று கேட்டார். "என்ரை மனுசன் குடிக்காமல் எப்பிடிச் சிவக்கும்?"

"அதைத்தான் அக்கா நானும் கேட்க வந்தனான். அண்டைக்கு அவர் ஏதாவது மருந்து, டொனிக் குடிச்சவரே?"

அவர் கைத்தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு குசினிக்குள் போனார். ஏதோ தகரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒரு கபிலநிறப் போத்திலோடு வந்து அதை என் மடியில் வைத்தார். அரிஷ்டம். பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"சாப்பாடு செல்லுதில்லை எண்டு நான்தான் நாட்டுப் பரியாரியிட்டைப் போய் வாங்கி, இரவிலை படுக்கேக்கை ஒவ்வொரு மூடி குடுத்தனான்," என்றார். "அண்டைக்கு வேலையாலை வந்தவர் ஒண்டும் வேண்டாமெண்டார். ஆக்கள் வரேக்கை வாடிப்போய் இருக்கக்கூடாதெண்டு ரெண்டு மூடி கூடவே விட்டுக் குடுத்தனான். கைப்பெண்டு முகத்தைச் சுழிச்சவர். நான் வாயிலை வைச்சுப் பருக்கினனான் பிள்ளை. இந்தக் கையாலை."

அவர் நிலத்தில் இருந்துவிட்டார். மகள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். அழுகைச் சத்தம் வரவில்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டிருந்தார்.

அண்ணை அறைவாசலில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முகச்சவரம் செய்யாமல், சாரத்தை ஒரு கையில் பிடித்தபடி நின்றார். தன்மேல் இருந்த பழி நீங்கியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு.

"அப்ப அரிஷ்டத்திலை சாராயச் சத்து இருக்கோ தங்கச்சி?"

"கொஞ்சம் இருக்குத்தான் அண்ணை. புளிக்கவைச்சுத்தானே செய்யிறது."

"அப்ப நேர்த்தி முறிஞ்சு போச்சு."

அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சு குடிச்சால்தான் முறியும்," என்றார். "முறிஞ்சதெண்டால் அது என்ரை தலையிலை வரட்டும். குடுத்தது நான். மாதாவுக்கு முன்னாலை உங்களைக் கொண்டுபோய் நிப்பாட்டினதும் நான்." எழும்பி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த படத்தை நேராக்கினார். அதன் கண்ணாடியைச் சேலையால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.

அன்று அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு தந்துதான் விட்டார்கள். நண்டுக்குழம்பும் சோறும். அண்ணையும் கொஞ்சம் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அண்ணைதான் தொலைபேசியில் சொன்னார். அடுத்த நாளே மனைவி தனியாகப் பாசையூருக்குப் போயிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுப் படியேறி, நடந்தது இதுதான், மருந்தும் அரிஷ்டமும் செய்த வேலை, என்ரை மனுசன் குடிகாரனில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் மரியாதையாக இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். கவலை தெரிவித்திருக்கிறார்கள். ஆனால் மகனுக்கு இப்போது வேறிடத்தில் கதை நடக்கிறது என்றிருக்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். திரும்பி வரும் வழியில் சொந்தக்காரர் வீடுகள் ஒவ்வொன்றிலும் ஏறி அதே கதையைச் சொன்னாராம். அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்திலும் சொன்னாராம்.

"சிலபேர் நம்பினவை. சிலபேர் தலையை ஆட்டிப்போட்டுப் போட்டினம்," என்றார் அண்ணை. "சம்பந்தம் சரிவரேல்லை எண்டு எனக்குக் கவலை இருக்குத்தான். ஆனால் அவள் வெய்யிலுக்குள்ளை வீடு வீடா நடந்து எனக்காகக் கதைச்சாள் தங்கச்சி. அதை நினைச்சால் எனக்கு நித்திரை வருகுதில்லை." பங்குச் சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ததாகவும், அறியாமல் குடித்ததால் நேர்த்தி முறியவில்லை என்று சுவாமி சொன்னதாகவும் சொன்னார். ஆனாலும் மனம் ஆறாமல், மடுமாதா கோயிலுக்குப் போய் மறுபடி ஒருமுறை நேர்த்தி வைத்துவிட்டு வந்தார்கள், இருவருமாக.

கொம்பனியில் எஞ்சினியர் சண்டை பிடித்தார். இயந்திரத்தைக் கொன்ரெயினரிலிருந்து வெளியே எடுத்து, நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டில் ஒன்றுக்கு மாற்றினார்கள். முகமூடிகளும் தடித்த கையுறைகளும் வந்தன. ஒரு பெரிய விசிறி வந்தது. அண்ணையைத் திரும்பி வரும்படி எஞ்சினியரே குருநகருக்குப் போய்க் கேட்டார். அவர் வரவில்லை. இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று கனநேரம் கதைத்தார்கள் என்று மகள் சொன்னாள். எந்த மொழியில் என்று அவளுக்கும் தெரியவில்லை.

நானும் அந்த வீதி முடிந்ததும் வேறு வேலைக்கு மாறிவிட்டேன். இப்போது இருக்கும் ஆய்வுகூடத்தில் தாரைக் கழுவுவதில்லை; அடுப்பில் வைத்து எரித்தே நீக்குகிறோம். மருந்து கிடையாது. இருந்தும் புதியவர்கள் யாராவது வேலைக்கு வந்தால், அவர்கள் எங்கே இருந்து வேலை செய்கிறார்கள், தரையோடு இருக்கிறார்களா, கதவு திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அண்ணையைக் கடைசியாகக் கண்டது போன மாரிமழைக்கு முன். ஒரு மரணவீட்டுக்காகக் குருநகர்ப் பக்கம் போயிருந்தேன். அவர் மறுபடி கடல்தொழிலுக்குப் போகிறார். ஆழ்கடலுக்கல்ல, களப்பில் கம்பு நட்டுக் கட்டும் சிறகுவலைக்கு. தலையிடியும் தள்ளாட்டமும் வேலையை விட்ட சில வாரங்களிலேயே போய்விட்டனவாம். சாப்பாடு நன்றாகச் செல்கிறதாம். மகள் தாதிப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். கலியாணத்தைப் பற்றி இப்போது கதைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளாம்.

இடது கன்னத்தில் சவரக்கத்தி வெட்டிய கோடு ஒன்று காய்ந்திருந்தது. என்ன அண்ணை என்று கேட்டேன்.

"இது மட்டும் மாறேல்லை," என்றார். "இந்தப் பக்கம் மரத்துப்போச்சு. வெட்டினாலும் தெரியாது, ரத்தத்தைக் கண்டாத்தான் தெரியும். நரம்பிலை பட்டிட்டுதாம். உணர்ச்சி திரும்பி வரலாம் எண்டார் டொக்டர், வராமலும் போகலாம் எண்டார்." களப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு அந்தக் கோட்டை விரலால் தடவினார். "மனுசி சிலநேரம் இந்தக் கன்னத்திலை கையை வைச்சுப் பார்ப்பாள், இப்ப தெரியுதோ எண்டு கேட்பாள். நான் ஓம் எண்டு சொல்லிவிடுறனான்."

"தெரியாதே அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி," என்றார். "ஆனால் அவள் கையை வைச்சிருக்கிறாள் எண்டது தெரியும்."

மரணவீட்டிலிருந்து மணியடிக்கத் தொடங்கியது. பிரேதம் எடுக்கப் போகிறார்கள் என்று சொல்லி அவர் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். நாங்கள் இருவரும் ஊர்வலத்தின் பின்னால் நடந்தோம்.